பிச்சாவரமா, ரங்கனதிட்டா, தேக்கடியா, பிதர்கனிகாவா? படகேறிக் காட்டுயிர் பார்க்க நினைப்பவர்களுக்கு

பொங்கல் நெருங்கும்போதும் முழு ஆண்டுத் தேர்வு முடியும்போதும் உறவிலிருந்தும் நட்பிலிருந்தும் எனக்கு ஒரே கேள்வி வரும். “பிள்ளைகளுக்குக் காட்டுயிர் காட்ட வேண்டும். அப்பாவால் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வர முடியாது. படகில் போகிற இடமாக ஒன்று சொல்.” கேட்பவர் மனதில் ஏற்கெனவே இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். பிச்சாவரம் பக்கத்தில் இருக்கிறது. தேக்கடி எல்லோருக்கும் தெரிந்த பெயர். ரங்கனதிட்டு மைசூர் போகிற வழியில் வருகிறது. கொஞ்சம் தேடிப் படித்தவர்கள் ஒடிசாவின் பிதர்கனிகாவையும் சேர்த்துக்கொள்வார்கள்.

நான்கிலும் நான் படகேறியிருக்கிறேன். நான்கும் நான்கு வகை நீர். பிச்சாவரம் ஆறும் கடலும் கலக்கும் கழிமுகம். ரங்கனதிட்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே ஓடும் காவிரி. தேக்கடி அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரி. பிதர்கனிகா உவர்நீர் முதலைகள் வாழும் சேற்று ஓடைகளின் வலை. நல்ல இடத்துக்குத் தப்பான மாதத்தில் போய், “ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்” என்று முகம் வாடித் திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைத்தது.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலில், என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்ற பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரு காட்டில் புலி இருப்பது வேறு, படகிலிருந்து புலி தெரிவது வேறு. தேக்கடியில் படகிலிருந்து புலி பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் முதலில் கேட்பது, விடுமுறை எந்த மாதத்தில் என்பதைத்தான். பாதி முடிவு அதிலேயே முடிந்துவிடும். பறவை கூடு கட்டும் காலம், முதலை வெயில் காயும் காலம், யானை தண்ணீர் தேடி வரும் காலம் எல்லாம் வேறு வேறு. பள்ளிக்கூட நாட்காட்டி அவற்றைப் பார்த்துப் போடப்பட்டதல்ல.

இரண்டாவது, படகை நிறுத்துவது யார் கையில் இருக்கிறது? என் கணக்கில் எல்லாவற்றையும் விட இதற்குத்தான் எடை அதிகம். எண்பது பேர் ஏறிய விசைப்படகு உங்கள் மகள் நீர்நாயைப் பார்த்துவிட்டாள் என்பதற்காக நிற்காது. நாலைந்து பேர் உட்கார்ந்த துடுப்புப் படகு நிற்கும். காட்டுயிர் பார்ப்பதென்பது பெரும்பாலும் ஓரிடத்தில் நின்று பார்ப்பதுதான். நிற்காத படகில் கிடைப்பது பயணம் மட்டுமே.

மூன்றாவது, கண்ணுக்கும் உயிருக்கும் இடையே உள்ள தூரம். சிறு பிள்ளைகள் பைனாகுலர் பிடிக்கப் பழகியிருக்க மாட்டார்கள். இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் காட்டுமாடு அவர்களுக்குக் கறுப்புப் புள்ளி. இருபதடியில் கிடக்கும் முதலை வாழ்நாள் முழுக்க மறக்காது.

நான்காவது, படகோட்டியோடு பேச முடியுமா? இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நன்றாகத் துடுப்புப் போடுகிறவர் அந்த நீரைப் பற்றிப் பத்துப் புத்தகத்துக்குச் சமமாகத் தெரிந்து வைத்திருப்பார். மொழி புரியாவிட்டால் அந்தப் பத்தும் அவரிடமே தங்கிவிடும்.

பிறகு டிக்கெட்டில் அச்சாகாத செலவுகள், உடன் வருபவரின் முழங்கால், கழிப்பறை, வெயில். இவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## ரங்கனதிட்டு: சின்ன இடம், கிட்டத்தில் காட்சி

ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிக் காவிரிக்குள் இருக்கும் சில சிறு திட்டுகள்தான் ரங்கனதிட்டு. 17ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசர் காலத்தில் ஆற்றின் குறுக்கே கட்டிய ஓர் அணைக்கட்டால் இந்தத் திட்டுகள் உருவாகின. பறவையியலாளர் சாலிம் அலி இங்கே வந்து பார்த்துவிட்டு வற்புறுத்தியதன் பேரில், 1940இல் மைசூர் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

பரப்பைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அரை மணிக்குள் படகு சுற்றி வந்துவிடும். ஆனால் முதன்முறையாகப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது இதைத்தான். படகு துடுப்புப் படகு, சத்தம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தொல்லை இல்லாமல் வாழ்ந்ததால் பறவைகளும் முதலைகளும் படகைக் கண்டு மிரளுவதில்லை.

ஓர் ஏப்ரல் காலை. எங்கள் படகோட்டி துடுப்பைப் பாறை இடுக்கில் ஊன்றிப் படகை நிறுத்தினார். தலைக்கு மேலே, கைக்கு எட்டுவது போன்ற உயரத்தில் மஞ்சள் மூக்கு நாரையின் கூடு. மூன்று குஞ்சுகள் வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தாயோ தகப்பனோ ஒன்று, இறக்கையை விரித்துக் குடைபோல் நிழல் பிடித்து நின்றது. இன்னொன்று ஆற்றிலிருந்து வந்து இறங்கியது. மீன் கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன். அது அலகைக் குஞ்சுகளின் தலைக்கு மேலே நீட்டித் திறந்தது. தொண்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது. குஞ்சுகள் நனைந்தன, குடித்தன. படகோட்டி எங்கள் பக்கம் திரும்பி, “நீரு” என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு யாரும் எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து பத்தடி தள்ளினால் பாறையின் மேல் நன்னீர் முதலை, வாயைத் திறந்தபடி. கடிக்க வரவில்லை, உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை, ஆற்று ஆலா, மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் கூட்டம் எல்லாம் அதே அரை மணிக்குள் கிடைக்கும். பாறைகளின் அடிப்பக்கத்தில் குருவிகள் மண்ணுருண்டைகளால் ஒட்டிய கூடுகளையும் காட்டச் சொல்லுங்கள்; கேட்காவிட்டால் அவற்றைக் கடந்துவிடுவார்கள்.

டிசம்பர் முதல் மே வரை நல்ல காலம். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் கூடுகள் நிறைந்திருக்கும். தென்மேற்குப் பருவமழையில் கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் படகு நின்றுவிடும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை போவதாக இருந்தால், மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறதா என்ற செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நமக்கு மகிழ்ச்சியான அதே செய்தி ரங்கனதிட்டில் படகு ஓடாது என்பதற்கான அறிகுறி.

மறைந்த செலவு கேமராவில் இருக்கிறது. நுழைவுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் படமெடுக்க நீண்ட நேரத் தனிப்படகு எடுத்தால் தொகை சட்டென ஏறும். கைப்பேசியோடு போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மைசூரைச் சுற்றிப் பார்க்க வருகிற கூட்டமெல்லாம் இங்கேயும் இறங்கும், படகுக்கு வரிசை நிற்கும், படகும் அவசர அவசரமாகச் சுற்றும்.

## தேக்கடி: பெரிய படகை விட்டு மூங்கில் தெப்பம் ஏறுங்கள்

தேக்கடி ஏரியைப் பற்றித் தமிழருக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பென்னிகுயிக் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் பின்னால் தேங்கிய நீர் அது. அதே நீர்தான் மலையைக் குடைந்து வந்து தேனியையும் மதுரையையும் நனைக்கிறது. ஏரிக்குள் இன்றும் நிற்கும் கறுத்த மரக்கட்டைகள் அன்று மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத் தாராவும் இறக்கையை விரித்து உலர்த்துவது இந்த ஏரிக்கே உரிய காட்சி.

எல்லோரும் ஏறுவது ஒன்றரை மணி நேர விசைப்படகு. இதைப் பற்றி நான் நல்லதும் சொல்ல வேண்டும். நடக்க முடியாத முதியவர்களோடு, கைக்குழந்தையோடு புலிகள் காப்பகத்தின் நடுவே போய் வர இதைவிட எளிய வழி இல்லை. கரையில் காட்டுமாடும் கடமானும் காட்டுப்பன்றியும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் யானைக் கூட்டம். ஆனால் படகு தன் பாதையில் தன் வேகத்தில் போகும். யானையைக் கண்டதும் எழும் கூச்சலில் யானை பாதி நேரம் உள்ளே போய்விடும்.

எழுந்து நிற்காதீர்கள் என்று படகில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதை எரிச்சலோடு கேட்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதில் படகு சாய்ந்ததாக அப்போது செய்திகள் சொல்லின. உயிர் காக்கும் சட்டையை வெயிலுக்குக் கழற்றி மடியில் வைத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். முடிச்சைப் போடுங்கள், பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள்.

இதே ஏரியில் இன்னொரு வழி இருக்கிறது. மூங்கில் தெப்பம். காலையில் கிளம்பினால் மாலைதான் திரும்புவோம். சிறு குழு, கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும். கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடை, பிறகு ஏரியில் தெப்பம், மறுபடி நடை. வழிகாட்டிகளில் பலர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டு வேட்டைக்கும் மரப்பட்டை உரிப்பதற்கும் போனவர்கள். 1990களின் பிற்பாதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்களைக் குழுக்களாக்கிக் காவலுக்கும் வழிகாட்டுவதற்கும் அமர்த்தினார்கள். எந்தப் புதர் அசைந்தால் எது வரும் என்பது அவர்களுக்குப் பிழைப்பாக இருந்த அறிவு. அதை இப்போது நமக்காகப் பயன்படுத்துகிறார்கள். குமுளி எல்லை ஊர் என்பதால் தமிழில் தாராளமாகப் பேசலாம்.

தெப்பத்தில் நாமும் துடுப்புப் போட வேண்டும். வளைவு ஒன்றில் வழிகாட்டி கையை உயர்த்தியதும் எல்லோரும் துடுப்பை எடுத்துவிட்டோம். தெப்பம் தானாக நகர்ந்தது. மூங்கில்களுக்கு இடையே தண்ணீர் களக் களக் என்று ஏறி இறங்கும் சத்தம் மட்டும். கரையோர மரக்கட்டையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைப் பிடித்து வைத்துக்கொண்டு தலையிலிருந்து கடித்துத் தின்றது. எலும்பு நொறுங்கும் ஓசை எங்களுக்குக் கேட்டது. விசைப்படகில் நான் ஏழெட்டு முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூட எதன் ஓசையையும் கேட்டதில்லை.

காலத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பசுமையாக இருக்கும்போது போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். பசுமைக் காலத்தில் காட்டுக்குள் எல்லா ஓடையிலும் தண்ணீர் இருக்கும். யானை ஏன் ஏரிக்கு வர வேண்டும்? ஏரி நிரம்பியிருக்கும்போது கரைப் புல்வெளியும் மூழ்கிக் கிடக்கும். மார்ச் முதல் மே வரை நீர்மட்டம் இறங்கி, புதுப் புல் முளைத்த கரை வெளியே தெரியும். உள் ஓடைகள் வற்றியிருக்கும். அப்போதுதான் விலங்குகள் கரைக்கு வரும். மலைவாசத்தின் குளிர்ச்சி வேண்டுமென்றால் டிசம்பரில் போங்கள், விலங்கு வேண்டுமென்றால் கோடையில் போங்கள்.

செலவுக் கணக்கில், காப்பக நுழைவும் படகு டிக்கெட்டும் வேறு வேறு. சொந்த வண்டியை ஏரி வரை கொண்டுபோக முடியாது, வெளியே நிறுத்திவிட்டுக் காப்பகத்தின் பஸ்ஸில் போக வேண்டும். இதற்கே முக்கால் மணி போய்விடும். காலை ஏழரை மணிப் படகுக்கு முந்தைய நாள் குமுளியிலோ கம்பத்திலோ தங்கியாக வேண்டும், ஆக ஓர் இரவு அறை வாடகையும் சேரும். தெப்பம் விசைப்படகைவிடப் பல மடங்கு விலை. சிறு பிள்ளைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் அதில் அழைத்துப் போக முடியாது. மழைக்கால அட்டைப்பூச்சிகளையும் நினைவில் வையுங்கள்.

## பிச்சாவரம்: விலங்குக்காக அல்ல, மரத்துக்காக

பிச்சாவரத்தைக் காட்டுயிர்ச் சுற்றுலா என்று சொல்லி அழைத்துப் போனால் பிள்ளைகள் ஏமாறுவார்கள். கொக்கு, மீன்கொத்தி, நீர்க்காகம், நத்தை குத்தி நாரை, குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் உண்டு. ஆனால் ரங்கனதிட்டைப் போலக் கண்முன் வரிசை கட்டி நிற்காது. இங்கே நாயகன் காடுதான். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேருமிடத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவிய கண்டல் காடு, அதாவது அலையாத்திக் காடு. 2004 சுனாமியில் இந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைவாகப் பாதிக்கப்பட்டன. 2022இல் இதுவும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே முடிவு எளிது: துடுப்புப் படகு. மோட்டார் படகு அகன்ற நீர்ப்பரப்பில் சீறிக்கொண்டு முகத்துவாரம் வரை போய் வரும், காற்று நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் விழுது போல் இறங்கி, மேலே கிளைகள் பின்னிக் கூரை போட்ட குறுகிய கால்வாய்களுக்குள் அது நுழையாது. அந்தக் கால்வாய்க்குள் போகாமல் திரும்பினால் பிச்சாவரம் போனதாகவே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

உள்ளே போனதும் படகோட்டியிடம் வெண்கண்டல் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். இலையின் மேல் வெள்ளைப் பொடி பூத்தது போல் இருக்கும். ஓர் இலையை நாக்கில் வைத்துப் பார்த்த என் அண்ணன் மகள், “சித்தப்பா, உப்பு!” என்று கத்தினாள். உறிஞ்சிய கடல்நீரின் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை அவள் நாக்கால் படித்தாள். ஆனால் எல்லா இலையையும் தொட விடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இங்கேதான் இருக்கிறது. கோயில் ஊரில் அற்றுப்போன அந்தத் தலமரம் இந்தச் சேற்றில் உயிரோடு நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும்.

நீர் வடிந்த நேரத்தில் வேர்களுக்கு நடுவே சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி நிற்கும்; மண்ணில் துள்ளும் மீன்களும் தெரியும். நீர் ஏறிய நேரத்தில் இவை மறைந்துவிடும், ஆனால் படகு இன்னும் உள்ளே போக முடியும். இரண்டில் எது வேண்டும் என்று யோசித்து, ஓத நேரத்தை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு என்று பார்த்தால் நேரம்தான். ஒரு மணி டிக்கெட்டில் போகவும் வரவுமே சரியாகிவிடும். இரண்டு மணிக்கு எடுங்கள். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை காலை ஒன்பது மணிக்குள் படகில் இருங்கள். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு கிடையாது. தங்கச் சிதம்பரம் இருப்பதால் நான்கில் மிகக் குறைந்த செலவில் முடிவது இதுதான். பேச்சுக்கும் தடையில்லை.

## பிதர்கனிகா: நான்கு நாள் கொடுக்க முடிந்தால்

பிராமணி, வைதரணி ஆறுகள் வங்கக் கடலில் சேரும் இடம். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டம். உவர்நீர் முதலைகள் அழியும் நிலையில் இருந்தபோது 1975இல் இங்கே முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடும் திட்டம் தொடங்கியது. இன்று கணக்கெடுப்பில் 1,700க்கும் மேல் வருகின்றன. இந்தியாவில் ஒரு காட்டுயிர் முயற்சி வென்றதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கே போகலாம்.

இங்கே எல்லாமே விசைப்படகுதான், துடுப்புப் படகைக் கேட்கவும் கூடாது. பதினைந்து அடி முதலை சேற்றுக் கரையில் சறுக்கித் தண்ணீரில் இறங்கும்போது, படகின் விளிம்பில் வைத்திருந்த கையை நாமாகவே உள்ளே இழுத்துக்கொள்வோம். ஆனால் இந்த மோட்டார் படகு தேக்கடிப் படகைப் போன்றதல்ல. முழுப் படகையும் நாமே வாடகைக்கு எடுப்பதால் நிறுத்தச் சொன்னால் நிற்கும், எஞ்சினை அணைத்துவிட்டு மிதக்கவும் செய்யும். நீர் உடும்பு, புள்ளிமான் கூட்டம், பல நிற மீன்கொத்திகள், மழைக்காலத்தில் பாககஹனா என்ற இடத்தில் கூடு கட்டும் கொக்கு நாரைக் கூட்டம் எல்லாம் கூடுதல் வரவு.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். குளிர்ந்த காலையில் முதலைகள் வெயில் காயக் கரையேறும். கோடையில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். நீர் வடிந்த நேரம் முதலை பார்க்க நல்லது. மே முதல் ஜூலை வரை முதலைகள் முட்டையிடும் காலம் என்பதால் பூங்கா மூடியிருக்கும். குளிர்காலத்தில் முதலைக் கணக்கெடுப்புக்காகவும் சில நாட்கள் மூடுவார்கள். டிக்கெட் போடும் முன் அந்தத் தேதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவு இங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். சென்னையிலிருந்து பத்ரக் வரை ரயில், அங்கிருந்து வண்டி, முழுப் படகு வாடகை, வன அனுமதி, வழிகாட்டி, உள்ளே தங்கும் விடுதி. இரண்டு பேராகப் போனால் தலைக்கு விழும் தொகை மலைக்க வைக்கும், ஆறு பேராகப் போனால் தாங்கும். ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது அவசியம். அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ரங்கனதிட்டு | தேக்கடி | பிச்சாவரம் | பிதர்கனிகா |
|---|---|---|---|---|
| நல்ல மாதங்கள் | டிசம்பர்–மே | மார்ச்–மே | டிசம்பர் இறுதி–பிப்ரவரி | டிசம்பர்–பிப்ரவரி |
| படகு | துடுப்பு | விசைப்படகு அல்லது மூங்கில் தெப்பம் | துடுப்பு (மோட்டார் வேண்டாம்) | மோட்டார், முழுப் படகு |
| சொன்னால் நிற்குமா | நிற்கும் | விசைப்படகு நிற்காது, தெப்பம் நிற்கும் | நிற்கும் | நிற்கும் |
| எவ்வளவு கிட்டத்தில் | மிகக் கிட்டத்தில் | தூரத்தில் | மரங்கள் கைக்கெட்டும், பறவைகள் தூரம் | முதலை கிட்டத்தில் |
| தமிழ் | கொஞ்சம் | தாராளம் | முழுவதும் | இல்லை |
| மறைந்த செலவு | கேமராக் கட்டணம் | முந்தைய இரவு அறை | கூடுதல் மணி நேரம் | பயணமும் முழுப் படகும் |
| யாருக்கு ஏற்றது | சிறு பிள்ளைகள், முதல் முறை | முதியோர் (விசைப்படகு), நடக்கக்கூடியோர் (தெப்பம்) | தாவர ஆர்வலர், ஒரே நாள் பயணம் | நான்கு நாளும் ஆறு பேரும் உள்ளவர் |

## விடுமுறைப்படி பார்த்தால்

பொங்கல் விடுமுறை என்றால் போட்டி பிச்சாவரத்துக்கும் பிதர்கனிகாவுக்கும்தான். கையில் இருப்பது இரண்டு நாள் என்றால் பிச்சாவரம். முழு ஆண்டு விடுமுறையில் ரங்கனதிட்டா தேக்கடியா என்பதற்கு, கூட வரும் பிள்ளையின் வயதைக் கேட்பேன். பத்து வயதுக்குக் கீழே என்றால் ரங்கனதிட்டு. பதினாறு பதினேழு வயது என்றால் தேக்கடித் தெப்பம். வழிகாட்டி சொல்வதை வாய் மூடிக் கேட்கும் வயது அது.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையில் நான்கும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காவிரியில் வெள்ளம் வரலாம், தேக்கடியில் காடு பசுமையாக மூடிக் கிடக்கும், ஒடிசாவில் மழை பெய்துகொண்டிருக்கும், பிச்சாவரத்துக்கு வலசைப் பறவைகள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கண்டல் மரங்களை மட்டும் பார்த்தால் போதும் என்பவர் பிச்சாவரம் போகலாம்.

பறவை மட்டும்தான் வேண்டும், படகு கட்டாயமில்லை என்றால் வேடந்தாங்கலை மறக்காதீர்கள். கோபுரத்தின் மேல் நின்று ஜனவரி மாலையில் பறவைகள் கூடடையத் திரும்புவதைப் பார்க்க எந்தப் படகு வரிசையும் வேண்டாம்.

எந்த இடமானாலும் ஒன்றை மட்டும் படகோட்டியிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: பறவையைப் பறக்க வைத்துக் காட்ட வேண்டாம். ஒருமுறை ஒரு காயலில், நாங்கள் கேட்காமலே படகோட்டி எஞ்சினை முறுக்கி ஆலாக் கூட்டத்துக்குள் படகை விட்டார். படம் நன்றாக வரட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்ததுதான். மணல் திட்டில் முட்டைகள் இருந்தன. பறவைகள் தலைக்கு மேல் கதறிக்கொண்டு சுற்றியபோது உச்சி வெயில் முட்டைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அப்படிச் செய்தால்தான் கூடுதல் பணம் கிடைக்கும் என்று அவருக்குப் பழக்கியவர்கள் நம்மைப் போன்ற பயணிகள். நிறுத்தி நிதானமாகக் காட்டியவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இந்த வாரம் சேலத்திலிருந்து ஒரு தோழி கேட்டிருந்தார். ஏப்ரல் இரண்டாம் வாரம், கையில் இரண்டு நாள், எழுபது வயது அம்மா, ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ரங்கனதிட்டு என்று பதில் எழுதினேன். வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்திலோ மைசூரிலோ தங்கச் சொன்னேன். சனிக்கிழமை காலை திறந்ததும் முதல் படகில் எல்லோருமாக ஒரு சுற்று. அம்மா மர நிழல் பெஞ்சில் உட்காரட்டும். பெரியவளை மட்டும் அழைத்துக்கொண்டு உடனே இரண்டாவது டிக்கெட் எடுத்து மறுபடி ஏறச் சொல்லியிருக்கிறேன். முதல் சுற்றில் முதலையைத் தவிர வேறெதையும் அவள் பார்த்திருக்க மாட்டாள்.